கிஃப்ட் ராப்பிங் புகார்கள்: அறிகுறி பார்த்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

சிறிய ஆன்லைன் கடையில் கிஃப்ட் ராப்பிங் வசதியைச் சேர்த்த பிறகு வரும் புகார்கள் ஏறக்குறைய எல்லாக் கடைக்கும் ஒன்றேதான். மூலை கிழிந்தது, ரிப்பன் நசுங்கியது, பில் உள்ளே போய்விட்டது, வாழ்த்து அட்டை மாறிவிட்டது. புகார் வந்ததும் பலர் முதலில் செய்வது விலை கூடிய பேப்பர் வாங்குவது. பெரும்பாலும் அது வீண் செலவு. கோளாறு பேப்பரில் இருப்பதைவிட ஆர்டர் திரையிலோ வெளிப்பெட்டியிலோ இருப்பதுதான் அதிகம்.

ஒவ்வோர் அறிகுறிக்கும் கீழே, செலவில்லாத காரணம் முதலில், செலவு கூடியது கடைசியில். மேலிருந்து பார்த்து வாருங்கள். ஒன்றைத் திருத்தியதும் அடுத்த சில பார்சல்கள் எப்படிப் போய்ச் சேர்கின்றன என்று பார்த்துவிட்டு அப்புறம் இறங்குங்கள். பேப்பர், டேப், பெட்டி மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமலே போகும்.

## எதையும் மாற்றும் முன்: இரண்டு படம்

ஒவ்வொரு பரிசு ஆர்டருக்கும் இரண்டு படம் எடுத்து ஆர்டர் எண்ணோடு வையுங்கள். ஒன்று, சுற்றி முடித்து மேசையில் இருக்கும்போது. ஆர்டர் தாளும் வாழ்த்து அட்டையும் அதே படத்தில் தெரிய வேண்டும். இரண்டாவது, வெளிப்பெட்டிக்குள் வைத்து, மூடும் முன்.

புகாரோடு வாங்குபவர் அனுப்பும் படத்தை இவற்றோடு ஒப்பிடுங்கள்.

- முதல் படத்திலேயே தவறு தெரிகிறதா? கோளாறு ஆர்டர் தாளில் அல்லது சுற்றும் மேசையில்.
- முதல் படம் சரி, இரண்டாவதில் பெட்டிக்குள் இடைவெளி தெரிகிறதா? கோளாறு வெளிப்பெட்டியில்.
- இரண்டும் சரியா? வழியில் நடந்தது. கூரியரிடம் இழப்பீடு கேட்கவும் இந்தப் படங்கள்தான் கைகொடுக்கும்.

படம் இல்லாமல் கீழே உள்ள எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

## அறிகுறி: ராப்பிங் கேட்டிருந்தார், வெறும் பொருளாகப் போய்விட்டது

ஆர்டரில் ராப்பிங் பதிவாகியிருக்கிறதா? கடையின் நிர்வாகத் திரையில் அந்த ஆர்டரைத் திறந்து பாருங்கள். இங்கேதான் வழி இரண்டாகப் பிரிகிறது.

*பதிவாகியிருக்கிறது, பேக்கிங் செய்தவர் பார்க்கவில்லை.* அச்சாகும் பேக்கிங் ஸ்லிப்பை, அதாவது ஆர்டர் தாளை, எடுத்துப் பாருங்கள். ராப்பிங் விருப்பம் ஆர்டர் குறிப்பாகவோ பொருளின் கூடுதல் விவரமாகவோ சேமிக்கப்பட்டிருந்தால், அது திரையில் தெரிந்தாலும் ஸ்லிப்பின் வார்ப்புருவில் சேர்க்கப்படாமல் இருக்கலாம். அச்சாகியிருந்தும் தவறினால் எழுத்து சிறிதாக, தாளின் அடியில் இருக்கும். எளிய தீர்வு, ராப்பிங்கைத் தனி எஸ்கேயூ (கடையில் ஒவ்வொரு பொருளுக்கும் தரும் அடையாளக் குறியீடு) கொண்ட ஒரு பொருளாகவே வைப்பது. அப்போது அது ஸ்லிப்பில் தனி வரியாக வரும். மற்ற பொருள்களை எடுப்பதுபோல் அதையும் எடுத்து டிக் அடித்தாக வேண்டும். குறிப்பைப் படிக்க மறப்பவர்கள்கூட வரியை விட மாட்டார்கள்.

*பதிவே ஆகவில்லை, ஆனால் தேர்வு செய்ததாக வாங்குபவர் சொல்கிறார்.* பெரும்பாலும் அவர் சொல்வது உண்மை. ராப்பிங் டிக் பெட்டி கார்ட் பக்கத்தில் மட்டும் இருந்து, பொருள் பக்கத்தில் ‘உடனே வாங்கு’ பொத்தானும் இருந்தால், அதை அழுத்துபவர் கார்ட் பக்கத்தைப் பார்க்காமலே பணம் கட்டும் இடத்துக்குப் போய்விடுவார். சோதிக்க, கைபேசியில் ஒரு பொருளை மூன்று வழியாக வாங்கிப் பாருங்கள்: வழக்கமான கார்ட் வழி, ‘உடனே வாங்கு’ வழி, வாலட் (கைபேசிப் பணப்பை) பொத்தான் வழி. மூன்றிலும் ராப்பிங் ஆர்டரில் வந்து சேர வேண்டும். வரவில்லை என்றால் தேர்வைப் பொருள் பக்கத்துக்கு மாற்றுங்கள், அல்லது பரிசுக்கு ஏற்ற பொருள்களில் மட்டும் விரைவுப் பொத்தானை எடுத்துவிடுங்கள்.

*ராப்பிங் தெரிவு திடீரென்று மறைந்துவிட்டது.* ராப்பிங் எஸ்கேயூவின் ஸ்டாக் பூஜ்யமாகியிருக்கும். எண்ணைத் திருத்தினால் போதும்.

*மூன்று பொருள் வாங்கி, ஒரு ராப்பிங் மட்டும் சேர்த்திருக்கிறார்.* எதைச் சுற்றுவது? மூன்றையும் ஒரே பொதியாகவா? ஊகித்துச் சுற்றாதீர்கள். ‘எல்லாம் ஒரே பொதி’, ‘ஒவ்வொன்றும் தனி’ என்று தெரிவையே இரண்டாகப் பிரித்து வையுங்கள். அதுவரை வருகிற ஆர்டர்களுக்கு ஒரு செய்தி அனுப்பிக் கேட்டுவிட்டுச் சுற்றுங்கள்.

ஆள் வைக்க வேண்டிய கட்டம்: ஸ்லிப் வார்ப்புருவைத் திருத்த நிரல் தொட வேண்டியிருந்தால், அல்லது ஒரே ஆர்டர் பல முகவரிகளுக்குப் பிரிய வேண்டியிருந்தால், நிரலர் ஒருவரிடம் கொடுங்கள். முன்சொன்ன மூன்று வழிச் சோதனையின் திரைப் படங்களையும் சேர்த்துக் கொடுத்தால் வேலை பாதி நேரத்தில் முடியும்.

## அறிகுறி: பரிசு பெற்றவருக்கு விலை தெரிந்துவிட்டது, அல்லது முன்கூட்டியே விஷயம் தெரிந்துவிட்டது

முதலில் பொருளைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்க ஸ்டிக்கர், உள்மூடி, துணியின் காலர் அட்டை, வாரண்டி அட்டை, விலைப்பட்டியல் அச்சிட்ட விளம்பரத் துண்டு: விலை ஒளிந்திருக்கும் இடங்கள் இவைதான். ஸ்டிக்கரைப் பிய்த்த பசை நிற்கிறது என்றால் ஹேர் டிரையரால் சில விநாடி சூடாக்கி உரியுங்கள். பசை நீக்கும் திரவம் வார்னிஷ், பிளாஸ்டிக், அச்சு மூன்றையும் கெடுக்கக்கூடியது. தெரியாத இடத்தில் தொட்டுப் பார்க்காமல் ஊற்ற வேண்டாம்.

அடுத்தது பில். பரிசு ஆர்டருக்கு விலை இல்லாத ஸ்லிப் ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு, முழு பில்லை வாங்குபவருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். சரக்கோடு பில் போயே ஆக வேண்டும் என்று உங்கள் நாட்டுச் சட்டம் சொன்னால், அதை வெளிப்பெட்டியின் மேல் ஒட்டும் ஆவண உறையில் போடுங்கள். பரிசுப் பொதிக்குள் எந்தக் காரணத்துக்காகவும் போகக்கூடாது.

கேஷ் ஆன் டெலிவரியைப் பலர் யோசிப்பதே இல்லை. அனுப்பியவர் அந்த முறையைத் தேர்வு செய்திருந்தால், பரிசு பெறுபவரிடமே கூரியர் பணம் கேட்பார். ராப்பிங் எஸ்கேயூ கார்ட்டில் இருந்தால் அந்தக் கட்டண முறை தெரியாதபடி அமைத்துவிடுங்கள். அமைக்க வழி இல்லையென்றால் அத்தகைய ஆர்டரை அனுப்பும் முன் வாங்குபவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

பெட்டி சரியாக இருந்தும் ரகசியம் உடைந்ததா? அப்படியானால் அறிவிப்புச் செய்திகள். டெலிவரி முகவரியில் பெறுபவரின் கைபேசி எண் இருந்தால், ‘உங்கள் ஆர்டர் கிளம்பிவிட்டது’ என்ற செய்தி பொருளின் பெயரோடு அவருக்கே போகும். கடையிலிருந்து போகும் செய்திகள் வாங்குபவரின் எண்ணுக்கு மட்டும் போகும்படி மாற்றலாம். கூரியர் அனுப்பும் செய்தியைப் பெரும்பாலும் நிறுத்த முடியாது. அதில் பொருள் விவரமாக எது போகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டுப் பார்சல் என்றால் நிலைமை வேறு. சுங்கப் படிவத்தில், அஞ்சலில் சிஎன்22 அல்லது சிஎன்23, பொருளும் மதிப்பும் எழுதியே ஆக வேண்டும். அது பெட்டியின் வெளியே இருக்கும். மறைக்கவும் கூடாது, குறைத்து எழுதவும் கூடாது. ‘பரிசு’ என்ற கட்டத்தில் டிக் அடிப்பதும் தவறு: சுங்கத்துக்குப் பரிசு என்பது தனிநபர் தனிநபருக்கு அனுப்புவது, கடை விற்று அனுப்புவது விற்பனைதான். இதைப் பொருள் பக்கத்திலேயே இரண்டு வரியில் எழுதிவிட்டால் பின்னால் மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

## அறிகுறி: வாழ்த்து அட்டையில் கட்டம், கேள்விக்குறி, உடைந்த எழுத்து

எந்த இடத்தில் எழுத்து கெட்டது என்று பின்னோக்கிப் போங்கள். உங்கள் கடையில் நீங்களே ஒரு சோதனை ஆர்டர் போட்டு, செய்தியில் ‘கொடி, பூக்கள், ஸ்ரீ, கௌரி’ என்று எழுதி, நடுவில் ஒரு இதய எமோஜி வைத்து, பின்னால் இன்னொரு வரியும் எழுதுங்கள்.

- நிர்வாகத் திரையில் சரி, அச்சில் வெறும் கட்டங்கள்: அச்சு எழுத்துருவில் அந்த எழுத்து இல்லை. தமிழ் யூனிகோடு எழுத்துரு ஒன்றை வைத்தால் தீரும்.
- ஒற்றைக்கொம்பு இடம் மாறி, புள்ளி வட்டத்தோடு அச்சாகிறது: பிடிஎஃப் உருவாக்கும் கருவிக்குத் தமிழ் எழுத்துகளைக் கோத்துக் காட்டத் தெரியவில்லை. அதே செய்தியை உலாவியிலிருந்து நேரே அச்சிடுங்கள். உலாவியில் சரியாக வந்தால் குற்றவாளி அந்தக் கருவிதான். உலாவி வழியே அச்சிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.
- ஆர்டர்களை இறக்கிய சிஎஸ்வி கோப்பை (வெறும் எழுத்தாலான பட்டியல்) விரிதாளில் திறந்தால் புரியாத ஐரோப்பிய எழுத்துகள்: கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காமல், தரவு இறக்குமதி வழியாகப் போய், எழுத்துக் குறியாக்கமாக யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள்.
- நிர்வாகத் திரையிலேயே கேள்விக்குறிகள், அல்லது எமோஜிக்குப் பிறகு செய்தியே இல்லை: தரவுத்தளத்தில் சேமிக்கும்போதே போய்விட்டது, மீட்க முடியாது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் பழைய மூன்று பைட் ‘யூடிஎஃப்8’ அமைப்பு இருந்தால் எமோஜி அதில் அடங்காது. ‘யூடிஎஃப்8எம்பி4’ ஆக மாற்ற வேண்டும். இது நிரலர் வேலை, அதுவும் காப்புப் பிரதி எடுத்த பிறகு. அதுவரை செய்திப் பெட்டியின் கீழே எமோஜி வேண்டாம் என்று எழுதி வையுங்கள்.

செய்தி பாதியில் வெட்டுப்பட்டால் எழுத்து வரம்பைப் பாருங்கள். கணினி தமிழை எண்ணும் விதம் வேறு: ‘வாழ்த்துகள்’ நமக்கு 6 எழுத்து, கணினிக்கு 11. ஆங்கிலத்துக்கு 150 என்று வைத்த வரம்பு தமிழில் பாதியிலேயே கழுத்தைப் பிடிக்கும். 300 ஆக்கி, அட்டையில் எழுத்தளவைச் சற்றுக் குறைத்தால் போதும்.

அட்டை வேறொருவருக்குப் போய்விட்டதா? கிட்டத்தட்ட எப்போதும் காரணம் ஒன்றே: அட்டைகளை மொத்தமாக அச்சிட்டு அடுக்கி, பொருள்களை இன்னொரு வரிசையில் எடுத்திருப்பார்கள். அட்டையின் அடியில் கிழித்தெடுக்கக்கூடிய துண்டு ஒன்றில் ஆர்டர் எண் அச்சாகட்டும். சுற்றி முடித்து, ஸ்லிப்போடு எண்ணை ஒப்பிட்ட பிறகே துண்டைக் கிழிக்க வேண்டும். மேசையில் ஒரே நேரத்தில் ஒரே ஆர்டர் என்ற கட்டுப்பாடும் வேண்டும். இரண்டு பேர் சுற்றினால் இரண்டு மேசை.

மை இழுபட்டிருந்தால் அட்டை வழவழப்பானது. பளபளப்பு அட்டையில் ஜெல் பேனா காய நேரம் பிடிக்கும். பூச்சில்லாத அட்டைக்கு மாறுங்கள், அல்லது பால்பாயின்ட் பேனாவால் எழுதுங்கள்.

## அறிகுறி: பேப்பர் கிழிந்தோ நைந்தோ போய்ச் சேர்கிறது

அதிகம் வரும் புகார் இது. தீர்வு சொல்லும் முன் கிழிசல் எங்கே, எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

எல்லா மூலையிலும் சிறிது சிறிதாக நைந்து, வெள்ளை தெரிகிறது. பொதி வெளிப்பெட்டிக்குள் ஆடியிருக்கிறது. மூடிய பெட்டியைக் காதருகே வைத்து நான்கு பக்கமும் குலுக்குங்கள்; ஏதாவது நகரும் ஓசை கேட்டால் நிரப்பல் போதவில்லை. ஒவ்வொரு பக்கமும் சுமார் 3 செ.மீ., உடையக்கூடிய பொருளானால் 5 செ.மீ., கசக்கிய பழுப்புத்தாளால் இறுக நிரப்புங்கள். செய்தித்தாள் வேண்டாம், அதன் மை ராப்பரில் ஒட்டும். பபிள் ராப்பைப் பளபளப்பான பேப்பர்மேல் நேரே சுற்றினால் வெப்பத்தில் வட்ட வட்டமாகத் தடம் விழும். நடுவில் ஒரு டிஷ்யூ பேப்பர் போடுங்கள்.

ஒரே ஒரு மூலை மட்டும் நசுங்கிக் கிழிந்திருக்கிறது. பெட்டி விழுந்திருக்கிறது. கூரியர் வழியில் பெட்டி விழத்தான் செய்யும். விழாது என்று நம்பி பேக் செய்ய முடியாது. மூலைகளில் நிரப்பலைக் கெட்டியாக்குங்கள்.

ஒரு பக்கம் முழுதும் உள்ளே அமுங்கியிருக்கிறது. மேலே சுமை ஏறியிருக்கிறது. பெட்டிக்குள் மேல்பக்கம் வெற்றிடம் இருந்தால் மூடி உள்வாங்கும். அதை முதலில் நிரப்புங்கள். பிறகும் அமுங்கினால் 3 பிளை (மூன்று அடுக்கு அட்டை) பெட்டியை 5 பிளையாக மாற்றுங்கள். பழைய பெட்டிகளை மறுபடி பயன்படுத்துகிறீர்கள் என்றால் மடிப்புகளை அழுத்திப் பாருங்கள். துணிபோலத் துவண்டால் அது பரிசுக்கு உதவாது.

மேல்பக்கம் நடுவில் நேர்கோடாக நீளக் கிழிசல். இது வழியில் ஆனது அல்ல. பெட்டியைத் திறந்தவரின் கத்தி. மூடிக்கு நேர் கீழே ஓர் அட்டைத் துண்டு வைத்தால் இந்தப் புகார் அன்றோடு நிற்கும். இவ்வளவு மலிவான தீர்வு இந்த வேலையில் வேறு இல்லை.

மடிப்பின் மேலேயே விரிசல், வெள்ளைக் கோடு. மேசையில் எடுத்த முதல் படத்திலும் மெலிதாகத் தெரியும். மிகவும் இறுக்கிச் சுற்றியதாலோ, பூச்சு கெட்டியான பேப்பர் மடிப்பில் வெடிப்பதாலோ வருவது. ஒரு துண்டை மடித்து நகத்தால் அழுத்திப் பாருங்கள். வெடித்தால் அந்தப் பேப்பர் பெட்டிக்கு வேண்டாம், உள்ளே போர்த்தும் உறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பேப்பர் அலை அலையாக நெளிந்திருக்கிறது. ஈரம். சுற்றுவதற்கு முன்பே ரோல் ஈரத்தை உறிஞ்சியிருக்கலாம். ரோல்களைத் தரையிலும் சுவரோரமும் வைக்காமல், பிளாஸ்டிக் உறையோடு அலமாரியில் வையுங்கள். மழைக் காலத்தில் பொதியை மெல்லிய பாலித்தீன் பையில் போட்டு, அப்புறம் வெளிப்பெட்டியில் வைப்பது நல்லது.

இவ்வளவுக்குப் பிறகுதான் பேப்பரின் தடிமன். 60 ஜிஎஸ்எம்முக்குக் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) குறைந்த பேப்பர் கூர்மையான பெட்டி முனையில் நிற்காது. 80 முதல் 100 ஜிஎஸ்எம் கூரியருக்குத் தாங்கும். 120-ஐத் தாண்டினால் சிறிய பெட்டியின் ஓரங்களில் மடிப்பு புடைத்து நிற்கும், டேப்பும் விடும். பொருளின் பெட்டி முனை கூர்மையாக இருந்தால் சுற்றும் முன் எட்டு முனையிலும் சிறு துண்டு டேப் ஒட்டி மழுக்கிக்கொள்ளலாம்.

மாற்றம் பலித்ததா என்று கூரியரில் அனுப்பித்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. பார்சல் பேக்கிங்கைச் சோதிக்கும் முறைகளை வகுக்கும் இஸ்டா அமைப்பின் 1ஏ முறையில் 10 கிலோவுக்கு உட்பட்ட பெட்டியை 76 செ.மீ. உயரத்திலிருந்து பத்து முறை போடுவார்கள்: ஒரு மூலை, அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்புகள், பிறகு ஆறு பக்கங்கள். சாதாரண மேசை உயரம்தான் அது. அதே எடையுள்ள, உடைந்தால் நட்டமில்லாத ஒரு பொருளைச் சுற்றிப் போட்டுப் பாருங்கள். திறக்கும்போது ராப்பர் கிழியாமல் இருக்க வேண்டும்.

ஆள் வைக்க வேண்டிய கட்டம்: பத்து வீழ்ச்சியில் பொருளும் சேர்ந்து உடைகிறது என்றால் கோளாறு ராப்பிங்கைத் தாண்டிவிட்டது. அட்டைப்பெட்டி தயாரிப்பாளரிடம் பொருளைக் கொண்டுபோய் அளவெடுத்து, உள்தாங்கியோடு பெட்டி செய்யச் சொல்லுங்கள். குறைந்தபட்ச எண்ணிக்கை கேட்பார்கள் என்பதால் மாதிரி ஒன்றைச் செய்து, அதையும் போட்டுப் பார்த்த பிறகே மொத்தமாகச் சொல்லுங்கள்.

## அறிகுறி: டேப் விட்டு, மடிப்பு திறந்துகொள்கிறது

- அழுத்தவில்லை. இருபக்க டேப் அழுத்தத்தில்தான் பிடிக்கும். ஒட்டியதும் விரல் நகத்தாலோ தட்டையான மரத்துண்டாலோ ஒரு முறை முழு நீளமும் தேய்க்க வேண்டும்.
- பக்க மடிப்பு நீளம் கூடிவிட்டது. ஓர மடிப்பு பெட்டியின் உயரத்தில் முக்கால் பங்கைத் தாண்டினால் அடுக்கு தடித்து, உள்ளிருந்தே தள்ளும். வெட்டிக் குறையுங்கள்.
- ரோலின் சுருள் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. வெட்டிய தாளை எதிர்ப்புறமாக ஒரு முறை உருட்டி, அரை மணி நேரம் தட்டையாகக் கனத்தின் அடியில் வையுங்கள். மேல் விளிம்பை 1 செ.மீ. உள்ளே மடித்து, மடிப்பின் அடியில் டேப் வைத்தால் பார்வைக்கும் சுத்தம்.
- டேப் மெலிது. 6 மி.மீ. டேப் டிஷ்யூவுக்குச் சரி. பெட்டிக்கு 12 மி.மீ.
- பேப்பருக்கும் டேப்புக்கும் ஒத்துவரவில்லை. மெழுகுப் பூச்சு, மேட் லேமினேஷன், மினுக்குத் தூள் மூன்றிலும் டேப் நிற்காது. துண்டுப் பேப்பரில் 5 செ.மீ. ஒட்டி, ஒரு நாள் விட்டு உரியுங்கள். பேப்பரின் நார் கிழிந்து வந்தால் பிடிப்பு நன்று. சுத்தமாக உரிந்து வந்தால் அந்த ஜோடியைப் பயன்படுத்தாதீர்கள்.
- வெயிலில் நின்ற வண்டி. கோடையில் மட்டும் புகார் வருகிறதா? ரப்பர் பசை டேப் வெப்பத்தில் இளகும். அக்ரிலிக் பசை டேப் அதைவிடத் தாங்கும்.

## அறிகுறி: ரிப்பன் பூ தட்டையாகிப் போகிறது

பூவின் உயரத்துக்கு வெளிப்பெட்டியில் இடம் இல்லை என்பதுதான் காரணம். இடம் விட்டால் போதுமே என்று தோன்றும். ஆனால் அந்த இடத்துக்கும் கூரியர் காசு வாங்குவார். பல கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தை செ.மீ.-இல் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோவாக எடுத்துக்கொள்கிறார்கள். 32×22×10 பெட்டி 1.4 கிலோ. பூவுக்காக 6 செ.மீ. உயர்த்தினால் 2.25 கிலோ. உள்ளே இருக்கும் பொருள் அரைக் கிலோதான் என்றாலும் கணக்கு இதுதான். உங்கள் கூரியரின் வகுக்கும் எண்ணைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் இந்த வரிசையில் முயலுங்கள்:

1. பூவை விட்டு, தட்டையான ரிப்பனைக் குறுக்கே கட்டி நடுவில் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். கூரியரில் போகும் பரிசுக்கு இதுவே நல்லது என்பது எங்கள் கருத்து. படத்தில் எடுப்பாகத் தெரிவது வேறு, போய்ச் சேர்வது வேறு.
2. பூவைத் தட்டையாக மடித்து, அடியில் ஒட்டும் வட்டத்தோடு தனி உறையில் போடுங்கள். ‘மேலே ஒட்டிக்கொள்ளவும்’ என்ற துண்டு உடன் இருக்கட்டும். நேரே பெறுபவருக்குப் போகும் பார்சலுக்கு இது பொருந்தாது, வாங்குபவர் கைக்கு வருவதற்கு மட்டும்.
3. பூவை மேல்பக்கத்தில் கட்டாமல், நீளப் பக்கத்தில் மிச்ச இடம் இருக்கும் ஓரத்தில் கட்டுங்கள்.
4. பூ வேண்டியே வேண்டும் என்றால், பூவைவிட 1 செ.மீ. உயரமான அட்டைப் பட்டையை வளையமாக்கி அதைச் சுற்றி நிறுத்துங்கள். கூடும் கூரியர் செலவை ராப்பிங் கட்டணத்தில் சேருங்கள்.

ரிப்பன் நழுவிச் சாய்ந்து வருகிறது என்றால் அடிப்பக்கம் குறுக்குச் சந்தியில் ஒரு பொட்டு இருபக்க டேப் போதும். முனை பிரிந்தால் சாய்வாக வெட்டுங்கள். பாலியஸ்டர் ரிப்பனின் முனையைச் சுடரருகே ஒரு நொடி காட்டினால் உருகி மூடிக்கொள்ளும், பருத்தி ரிப்பனுக்கு அது ஆகாது. நீளக் கணக்கு: இரண்டு நீளம், இரண்டு அகலம், நான்கு உயரம், முடிச்சுக்கு 60 செ.மீ. 30×20×8 பெட்டிக்கு 192, அதாவது ஏறக்குறைய 2 மீட்டர்.

## அறிகுறி: பேப்பர் எட்டவில்லை, அல்லது நிறைய வீணாகிறது

கண்ணளவில் வெட்டுவதே காரணம். சுற்றளவுப் பக்கம்: அகலத்தையும் உயரத்தையும் கூட்டி இரண்டால் பெருக்கி, ஒட்டுக்கு 4 செ.மீ. மறுபக்கம்: நீளத்தோடு உயரத்தின் ஒன்றரை மடங்கு. 30×20×8 பெட்டிக்கு 60×42 வருகிறது. 50×70 தாளில் ஒன்று எடுக்கலாம். தாளில் 72 விழுக்காடு பயன்படும், மிச்சத்தில் 8 செ.மீ. அகலப் பட்டை ஒன்று கிடைக்கும். அதைத் தூக்கிப் போடாமல் குறுக்குப் பட்டையாகவோ பெயர்ச்சீட்டாகவோ ஆக்குங்கள்.

நீங்கள் அதிகம் அனுப்பும் ஐந்தாறு பெட்டி அளவுகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டு, அதே அளவில் தடித்த அட்டையை வெட்டி மேசையில் வையுங்கள். அட்டையை வைத்து ஓரத்தில் கத்தியை ஓட்டினால் முடிந்தது.

உருளைப் பொருளுக்கு விட்டத்தை 3.14-ஆல் பெருக்கி 3 செ.மீ. கூட்டுங்கள், மறுபக்கம் உயரத்தோடு விட்டத்தையும் 1 செ.மீ.-யும். ஆனாலும் உருண்டை, பொம்மை, கைப்பிடி உள்ள குவளை போன்றவற்றை நேரே சுற்றப் போராடாதீர்கள். ஒரு பெட்டியிலோ பையிலோ போடுங்கள். மடித்த துணிக்கு உள்ளே 300 ஜிஎஸ்எம் அட்டை வைத்தால் தொய்யாது.

## அறிகுறி: பொருளில் சாயம் ஒட்டியிருக்கிறது

வெள்ளைத் துணியால் பேப்பரைப் பத்து முறை உலர்வாகத் தேயுங்கள், பிறகு ஈரத்துணியால். உலர்விலேயே நிறம் வந்தால் அந்தப் பேப்பரைத் திருப்பிக் கொடுங்கள். ஈரத்தில் மட்டும் வந்தால் உள்ளே வெள்ளை டிஷ்யூ ஒன்று போட்டுப் பயன்படுத்தலாம். வண்ண டிஷ்யூ பேப்பர் பெரும்பாலும் ஈரத்தில் சாயம் விடும்; வெளிர் துணி, தோல், மெருகிடாத மரம் இவற்றின்மேல் அது வேண்டாம். வெள்ளிப் பொருளுக்கு அமிலமில்லா டிஷ்யூ. ரப்பர் பேண்ட் போட்டுவிடாதீர்கள், அதில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கருக்கும்.

## அறிகுறி: அழகாகச் சுற்றியிருக்கிறது, உள்ளே தவறான பொருள்

சுற்றிய பிறகு எல்லாப் பெட்டியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பொருள், நிறம், அளவு மூன்றையும் ஸ்லிப்போடு ஒப்பிட்டு, சுற்றும் முன்பே மூன்றாவதாக ஒரு படம் எடுங்கள். அப்போதே பொருளை இயக்கியும் பாருங்கள்: விரிசல், குறை, விட்டுப்போன பாகம். பேட்டரி பொம்மையில் மின்சாரத்தைத் தடுக்கும் காப்புத்தாள் இருக்கிறதா? இல்லையென்றால் வழியெல்லாம் பாடிக்கொண்டே போய் பேட்டரி தீர்ந்து சேரும். லித்தியம் பேட்டரி, வாசனைத் திரவியம் போன்றவற்றுக்கு வேண்டிய அடையாள வில்லை வெளிப்பெட்டியில் இருக்க வேண்டும். எந்தச் சேவையில் அனுப்பலாம் என்று கூரியரைக் கேட்காமல் சுற்ற உட்காராதீர்கள்.

## அறிகுறி: சீசனில் ராப்பிங் ஆர்டர்கள் தேங்கி, எல்லாமே தாமதமாகிறது

பத்துப் பொதியைக் கடிகாரம் வைத்துச் சுற்றி, ஒன்றுக்கு ஆகும் நேரத்தை எடுங்கள். 6 நிமிடம், நாளில் 2 மணி நேரம் கிடைக்கும் என்றால் 20 வரும். இடையூறுக்கு விட்டு 16 என்று வையுங்கள். அந்த எண்ணை ராப்பிங் எஸ்கேயூவின் அன்றாட ஸ்டாக்காகப் போடுங்கள். தீர்ந்ததும் தெரிவு தானாகவே மறையும், ராப்பிங் இல்லாத ஆர்டர்கள் தடையின்றிப் போகும்.

எண்ணைக் கூட்ட வேண்டுமா? முதலில் பேப்பர் வகைகளை இரண்டாகக் குறையுங்கள். ஆறு வகை வைத்தால் தேடுவதிலும் ரோல் மாற்றுவதிலும் நேரம் போகும், எதாவது ஒன்று எப்போதும் தீர்ந்தே இருக்கும். அடுத்து, தாள் வெட்டுவதையும் ரிப்பன் அளப்பதையும் வேலை இல்லாத நேரத்தில் முடித்து வையுங்கள். அதற்குப் பிறகும் போதாவிட்டால் ஒரு கை கூடுதலாக வையுங்கள். புதியவருக்கு வெட்டுவதும் பெட்டியில் நிரப்புவதும் கொடுத்து, மடிப்பைப் பழகியவரிடமே விடுங்கள்.

## அறிகுறி: கட்டணம் வாங்கியும் கையைக் கடிக்கிறது

ஒரு பொதிக்கான செலவை இப்படி எழுதுங்கள்: முழுத் தாளின் விலை (வெட்டிய பகுதிக்கு மட்டும் அல்ல), ரிப்பன், டேப், அட்டை, நிமிடக் கணக்கில் கூலி, பெரிய பெட்டியால் கூடும் கூரியர், கெட்டுப்போய் மறுபடி சுற்றியவற்றின் பங்கு. பெரும்பாலும் விட்டுப்போவது கூலியும் கூரியரும்.

கணக்கு சரியாக இருந்தும் பணம் ஒழுகினால் கடை அமைப்பைப் பாருங்கள்:

- ராப்பிங் எஸ்கேயூவின் எடை பூஜ்யம் என்று இருக்கிறதா? அப்படியானால் கூரியர் கட்டணம் குறைவாகவே கணக்காகும்.
- தள்ளுபடிக் கூப்பன் ராப்பிங் கட்டணத்தையும் குறைக்கிறதா?
- ராப்பிங்கைச் சேர்த்ததும் கார்ட் தொகை இலவச டெலிவரி வரம்பைத் தாண்டிவிடுகிறதா?
- பொருள் திரும்பி வந்தால் ராப்பிங் கட்டணமும் திரும்பப் போகிறதா? திருப்புவதா வேண்டாமா என்பதை முன்கூட்டியே கொள்கைப் பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் தவறால் திரும்பினால் கொடுத்துவிடுவதுதான் முறை.

ராப்பிங் கட்டணத்துக்கு எந்த வரி விகிதம், அது பொருளோடு சேர்ந்ததா தனிச் சேவையா என்பதை ஊகத்தில் அமைக்காதீர்கள். கணக்காளரிடம் ஒரு மாதிரி பில்லைக் காட்டிக் கேட்டுவிட்டு, அதன்படி எஸ்கேயூவின் வரிப் பிரிவை மாற்றுங்கள்.